பெயர் வேண்டாம்

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

லெந்து, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு, தொடங்கியது. போன வருஷம் மத்தியானச் சாப்பாட்டை மட்டும் விட்டேன். இந்த வருஷம் காப்பியையும் விட்டிருக்கிறேன், ஈஸ்டர் காலை வரை. மற்றப் பெண்கள் சீரியலை விடுவதாகச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். நான் சீரியல் பார்ப்பதே இல்லை, அதனால் விடுவதற்கும் வழியில்லை. பக்கத்து வீட்டில் ஓடுவது காதில் விழுந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

நாற்பது நாளும் உண்மையை மட்டும் எழுதுவதாகக் கர்த்தரிடம் சொல்லி இந்த டைரியைத் திறந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பெயர் எழுத இடம் விட்டிருந்தார்கள். எஸ்தர் சொர்ணம், ஓய்வு பெற்ற ஆசிரியை, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி, சுகிர்தபுரம் சபை என்று எழுதினேன். இடம் போதவில்லை. கடைசி இரண்டு சொல்லை ஓரத்தில் நெருக்கி எழுதவேண்டியதாயிற்று.

காலை ஜெபம் 1 மணி 5 நிமிடம்.

பிப்ரவரி 20, வெள்ளி

உபவாச ஜெபத்துக்கு இருபத்தாறு பேர். கோவில் வாசலில் இருக்கும் ஜெபப் பெட்டியைத் திறந்தேன். சாவி என்னிடம்தான். யாரும் பெயர் போடாமல் சீட்டு எழுதி அதில் போடலாம். வெள்ளிக்கிழமை நான் படித்து, யாரென்று காட்டாமல் ஜெபித்து, சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டுவிட வேண்டும். இதுதான் ஒழுங்கு, ஏற்படுத்தியவளும் நானே. இன்று நான்கு சீட்டு. மூட்டுவலி, மகனுக்கு வேலை, மருமகள் சண்டை, இன்னொரு மூட்டுவலி.

பெயர் இல்லாவிட்டால் என்ன? முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்பில் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் நான். இரண்டு வரி காட்டினால் ஆளைச் சொல்லிவிடுவேன். இரண்டாவது மூட்டுவலி, தையல்காரி கிரேஸ்மணி. அவளால் எழுத முடியாது, மகள் பியூலா எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

மேரிப்பாக்கியமும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் மகன் ஒரு இந்துப் பெண்ணை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டபோது, சங்கச் செயலாளர் பதவியிலிருந்து அவளை விலக்கச் சொன்னவள் நான்தான். அதில் கோபம் ஒன்றும் இல்லை. வீட்டை ஆளத் தெரியாதவர் சங்கத்தை எப்படி ஆளுவது? அன்று முதல் எனக்கு ஸ்தோத்திரம் சொல்லும்போது அவள் கண்ணைப் பார்ப்பதில்லை. அவளுக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். பட்டியலில் ஒன்பதாவது பெயர்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கோவிலுக்கு ஜெபிக்கப் போன இரண்டு பேரைப் பற்றிப் பிரசங்கம். ஒருவன் நிமிர்ந்து நின்று தன் உபவாசத்தையும் காணிக்கையையும் அடுக்குகிறான், இன்னொருவன் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொள்கிறான். குருவானவர் சுமாராகச் சொன்னார். அந்த முதல் ஆளைப் போல நம் சபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று உட்கார்ந்தபடியே யோசித்தேன். ஆறு பேர் தேறினார்கள்.

ஆராதனை முடிந்து குருவானவர் கூப்பிட்டு நல்ல செய்தி சொன்னார். பெரிய வெள்ளியன்று, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றியும் ஆண்களே பேசுவது இதுவரை வழக்கம். இந்த வருஷம் முதல் வார்த்தை எனக்கு. மன்னிப்பைப் பற்றியது. எனக்குத் தகுதியில்லை என்று மூன்று முறை சொன்னேன். நல்லவேளை, அவர் விடவில்லை.

பிப்ரவரி 28, சனி

ஜெமிமா வந்தாள். என் ஒரே மகள், நாகர்கோவிலில் கல்லூரி ஆசிரியை, முப்பத்தொரு வயது. சனிக்கிழமை வந்து ஞாயிறு ஆராதனை முடிந்து போவாள். வந்த வரன் ஏழையும் தட்டிவிட்டாள். கொழுப்புதான், வேறென்ன.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டாள்: “எம்மா, பெட்டியில போடுத சீட்ட யாரு எழுதுனதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிரும்லா?”

“எனக்குத் தெரியாத எழுத்து இந்த ஊர்ல ஏது?”

“தெரிஞ்சா என்ன செய்வீங்க?”

“ஜெபிப்பேன். வேற என்ன செய்ய? நான் என்ன ரேடியோவாட்டி, ஊருக்கெல்லாம் சொல்லுததுக்கு?”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. காப்பி இல்லாமல் எனக்கு மண்டை இடிக்கிறது.

காலை ஜெபம் 1 மணி 10 நிமிடம்.

மார்ச் 6, வெள்ளி

இன்று பெட்டியில் வந்த ஒரு சீட்டை அப்படியே எழுதுகிறேன்.

‘ஒரு காரியத்தை மறைத்து எட்டு மாதமாக வாழ்கிறேன். ஒருவரோடு வாழ்க்கை என்று ஆகிவிட்டது. அம்மாவிடம் சொல்லப் பெலன் வேண்டும். அம்மா நல்லவர்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது. பெயர் வேண்டாம்.’

நம் சபையிலா! கூட்டத்தில் ‘ஒரு ஆத்துமா’ என்று மட்டும் சொல்லிப் பொதுவாக ஜெபித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ழகரத்தின் வால் கீழே இறங்கி இடப்பக்கமாகச் சுருண்டு நிற்கிறது. போன மாதம் மூட்டுவலிச் சீட்டிலும் இதே வால். பியூலா!

தகப்பன் இல்லாத பிள்ளை. பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்பாள். திருச்செந்தூரில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், கடைசி பஸ்ஸில்தான் வருவாள். கடைசி பஸ் என்றபோதே எனக்குப் பட்டிருக்க வேண்டும். சாந்திபுரத்து தனசிங்குக்கு நிச்சயம் செய்திருக்கிறார்கள், மின்வாரியத்தில் வேலை, நல்ல குடும்பம். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம்.

சீட்டை அடுப்பில் போடவில்லை. பாரத்தோடு ஜெபிக்க வேண்டும் என்பதால் இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

மார்ச் 7, சனி

ஜெமிமா வந்ததும் வராததுமாக, “நேத்து பெட்டியத் திறந்தீங்களாம்மா?” என்றாள்.

“திறந்தேன். ஊரு கெட்டுக் கெடக்கு.”

“என்னது எழுதியிருந்து?”

“அது ஜெப ரகசியம். ஒண்ணு மட்டும் சொல்லுதேன். ஒரு பிள்ள பெத்த தாய ஏமாத்திட்டு அலையுது. எப்படித்தான் அந்த மூஞ்சியில முழிக்காளோ.”

தட்டில் சோறு அப்படியே இருந்தது. கொண்டுபோய் நாய்க்கு வைத்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டின் அருமை தெரிவதில்லை.

மார்ச் 15, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால்தான் எங்கள் சபையில் கல்யாணம் நடக்கும். “தனசிங் என்பவருக்கும் பியூலா என்பவருக்கும் திருமணம் செய்ய யோசித்திருக்கிறபடியால், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்” என்று குருவானவர் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். என் கை முன்பெஞ்சைப் பிடித்தது. எழுந்திருக்கவும் செய்தேன், பாதி. பிறகு இருமுவது போல் உட்கார்ந்துவிட்டேன். பாடகர் குழுவில் பியூலா தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எப்படி மனது வருகிறது?

நான் எழுந்து சொல்லியிருந்தால் அவமானம். ஜெபத்தில் சொன்னால் அன்பு. வெள்ளிக்கிழமை வரட்டும்.

மார்ச் 20, வெள்ளி

இருபத்தொன்பது பேர். கிரேஸ்மணி மூட்டுவலி என்று வரவில்லை, அதுவும் நல்லதுக்கே. தனசிங்கின் சித்தி நம் ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் என் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

பரிசுத்த ஆவியானவர் என்னை நடத்தினார். “ஆண்டவரே, உம்முடைய ஆலயத்தில் நின்று பாடுகிற ஒரு மகள் இரண்டு வாழ்க்கை வாழ்கிறாள். கடைசி பஸ்ஸில் வந்து இறங்குகிற அந்தக் கால்களைத் திருப்பும். தையல் மிஷினை மிதித்து வளர்த்த தாயின் கண்ணீரைப் பாரும். ஒன்றும் அறியாத ஒரு வாலிபன் வலையில் விழாதபடி, அடுத்த ஓலைக்கு முன்னே வெளிச்சத்தைக் காட்டும்.” இருபது நிமிடம், ஒரு சொல்கூடத் திரும்ப வரவில்லை. பலர் அழுதார்கள். தனசிங்கின் சித்தி ஆமென் சொல்லவே இல்லை. முடிந்ததும் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் போனாள்.

பெயர் சொல்லவில்லை. ஒழுங்கை நான் மீறவில்லை.

மார்ச் 21, சனி

ஜெமிமா வந்தாள். கடைக்குப் போகச் சீட்டு எழுதினாள். புழுங்கலரிசி, வாழைக்காய், கொழுக்கட்டை மாவு. நீ இரு, நானே போகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனேன். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கொழுக்கட்டை மாவு வாங்க மறந்துவிட்டது.

தலைவலி. இன்று எழுத வேறொன்றும் இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை.

குருவானவர் மற்ற இரண்டு ஜோடிக்கும் வாசித்தார். மூன்றாவது தாளை எடுத்தார், பார்த்தார், அடியில் வைத்துவிட்டார். “மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டபடி ஒன்று நிறுத்தி வைக்கப்படுகிறது” என்றார். அடுத்த பாட்டுக்குப் பியூலாவின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. கிரேஸ்மணி எழுந்தாள். அவளுக்கு முழங்கால் மடங்காது, பெஞ்சுக்குப் பெஞ்சு கையூன்றிக் கோவில் முழுவதையும் நடந்து கடந்து வெளியே போனாள். யாரும் பிடிக்கப் போகவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், மரியாதையாக.

வாசலில் தனசிங்கின் சித்தி கையைப் பிடித்துக்கொண்டாள். “டீச்சர், நீங்க ஜெபிச்சதுனால எங்க பையன் தப்பிச்சான்.” கையை விடுவித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் ஜெமிமா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“எம்மா, அந்தச் சீட்டு என்னுது.”

“எந்தச் சீட்டு?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்கம்மா.”

கார்த்திகேயனாம். அதே கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறானாம். ஜூலையில் ரிஜிஸ்டர் செய்துவிட்டார்களாம்.

“வாயால சொல்ல வரல. என் எழுத்து உங்களுக்குத் தெரியும்னுதான் பெட்டியில போட்டேன். நீங்களே கண்டுபிடிச்சு எங்கிட்ட வந்து கேப்பீங்கன்னு ஒவ்வொரு சனிக்கிழமையும் காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க இன்னொரு வீட்டுப் பிள்ளையத் தூக்கிக் கொடுத்துட்டீங்க.” பிறகு எழுந்தாள். “நான் இப்பமே குருவானவர்ட்ட போயி சொல்லுதேன்.”

“போனேன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்.”

அப்படியே நின்றாள். பையை எடுத்துக்கொண்டு ஏழு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

என் தலையில் இடி விழுந்தது. இப்படி ஒன்று இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

ஜெபம் 5 நிமிடம். வரவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

உண்மையை மட்டும் எழுதுவதாகச் சொல்லித்தான் தொடங்கினேன். சனிக்கிழமைப் பக்கத்தில் ஒன்று விட்டுப்போயிற்று.

கடைக்குப் போகும் முன் இந்த டைரியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புழுங்கலரிசி, வாழைக்காய், வாழ்க்கை. ஒரே வால். வால் மட்டுமல்ல, சாய்வு, புள்ளி வைக்கும் அழுத்தம், எல்லாம். பெற்ற பிள்ளையின் எழுத்தைப் பதினைந்து நாள் டைரிக்குள் வைத்துக்கொண்டு அடுத்தவள் மகளைத் தேடியிருக்கிறேன்.

கடையிலிருந்து குருவானவர் வீடு எட்டாவது வீடு. அவர் வாசலில் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாப்பிள்ளை வீட்டைக் கூப்பிட்டுப் பேசியிருப்பார், ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்திருப்பார்கள். “என்ன டீச்சர், வாழைக்காயா?” என்றார். ஆமாங்கய்யா என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தே அந்தப் பிள்ளை நேற்று முன்தினம் அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்தபடி நின்றாள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 25, புதன்

சங்கத்துப் பெண்களை அழைத்தேன். “போன வெள்ளிக்கிழமை என் ஜெபத்தால் யார் மனதாவது புண்பட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். நான் யாரையும் குறித்துச் சொல்லவில்லை. நானும் பாவிதான்” என்றேன். குரல் உடைந்தது. உண்மையாகவே உடைந்தது.

ஒருத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “தப்பு செஞ்சவ வீட்ல இருக்கா. நம்ம டீச்சர் மன்னிப்புக் கேக்காங்க. இந்தத் தாழ்மை யாருக்கு வரும்?” எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். பின்வரிசையில் மேரிப்பாக்கியம் மட்டும் துடைக்கவில்லை. என்னை நேராகப் பார்த்தாள், மூன்று வருஷத்துக்குப் பிறகு.

வீட்டுக்கு வந்து 1 மணி 20 நிமிடம் ஜெபித்தேன். மனது லேசாக இருந்தது.

பொய். லேசாக இல்லை. இனிப்பாக இருந்தது. அந்தப் பிள்ளையின் பேரைக் கெடுத்தேன், அதைச் சரி செய்யவில்லை, சரி செய்வதுபோல் நின்றதற்கும் பேர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ருசித்துச் சாப்பிட்டுவிட்டு உபவாசம் என்று எழுதுகிறவள் நான்.

மார்ச் 26, வியாழன்

கடைசி பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றேன். பியூலா இறங்கினாள். தோளில் பை, காலில் செருப்பு அறுந்து ஊக்கு மாட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும், “ஸ்தோத்திரம் டீச்சர்” என்றாள். அந்த நிலையிலும் சொன்னாள்.

“அந்தச் சீட்டு உன்னுது இல்லன்னு எனக்குத் தெரியும்மா.”

“எப்பத் தெரியும்?”

பொய் சொல்ல வாய் வந்தது. விழுங்கினேன். “சனிக்கிழமை.”

“ஓலைக்கு முந்தின நாளா?”

தலையை ஆட்டினேன். பிறகு நானே கேட்டேன், இன்னும் நியாயம் தேடிக்கொண்டு: “ஒன் எழுத்து மாதிரியே இருந்துச்சும்மா. அந்த ழகரம்...”

“மூணாங்கிளாஸ்ல என் கையப் பிடிச்சு எழுத வச்சது யாரு டீச்சர்? இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். அது உங்க எழுத்து.”

பஸ் திரும்பிப் போயிற்று. “நான் என்ன செய்யணும்மா?” என்றேன்.

“நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் கேக்கேன். எனக்காக இனிமே ஜெபிக்காதீங்க. ஊர்ல எல்லாருக்கும் ஜெபிங்க. என் பேரு மட்டும் வேண்டாம்.”

சத்தமாகச் சொல்லவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஊக்கு மாட்டிய செருப்பை இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியைப் புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் அந்த வால். நான்தான் முதலில் அப்படி எழுதியவள்.

மார்ச் 27, வெள்ளி

உபவாச ஜெபத்துக்குப் போகவில்லை. பெட்டிச் சாவியைக் குருவானவருக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

ஜெமிமாவுக்குப் போன் செய்தேன். நாளைக்குத் தனசிங் வீட்டுக்குப் போகிறேன், ஆனால் வெறுமனே ‘தப்பு’ என்று சொன்னால் நம்பமாட்டார்கள் என்றேன்.

“என் பேரச் சொல்லுங்க.”

“ஊரு ஒன்னைப் பேசும்ட்டி.”

“பியூலாவ ஒரு வாரமாப் பேசுது. அது கேக்கலையா உங்களுக்கு?”

கேட்டது. என் வாயால்தானே தொடங்கியது. ஆனால் இதையும் எழுத வேண்டும்: போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பு பியூலாவைப் பற்றியது அல்ல, மகளைப் பற்றியதும் அல்ல. பெரிய வெள்ளிக்கு நான் எழுதி வைத்திருக்கும் ஒன்பது பக்கத்தைப் பற்றியது. அதை இனி யார் கேட்பார்கள் என்று.

மார்ச் 28, சனி

சாந்திபுரம் பஸ்ஸில் அரை மணி. தனசிங்கின் அம்மா ஞானபாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். “நீங்க வரணும்னு கேட்டா வந்திருப்போமே டீச்சர், நீங்க ஏன் அலையணும்?”

அந்தப் பெண்மேல் குற்றமில்லை, நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.

“உங்க மனசு தங்கம். ஒரு ஏழைப் பிள்ளை கெட்டுப் போகுதேன்னு எரக்கப்பட்டு மூடப் பாக்கீங்க. ஆனா சொர்ணம் டீச்சர் ஜெபத்துல பொய் வராதுன்னுதான நாங்க ஓலைய நிறுத்துனோம்.”

உள்ளே தனசிங் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் நிழல் தரையில் தெரிந்தது. இப்போது எழுந்து வந்துவிடலாம். முயன்றேன், அவர்கள் நம்பவில்லை என்று கர்த்தரிடம் சொல்லிக்கொள்ளலாம். என் தாழ்மை இன்னும் ஒரு படி உயர்ந்திருக்கும். சீட்டை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தேன்.

“இது எம் மக எழுதுனது. ஜெமிமா. ஒரு இந்துப் பையன ரிஜிஸ்டர் பண்ணியிருக்கா. எங்கிட்ட சொல்லப் பயந்து பெட்டியில போட்டிருக்கா. நான் அது பியூலான்னு ஊகிச்சேன். ஊகிச்சத ஜெபமாச் சொன்னேன். ரெண்டாம் ஓலைக்கு முந்தின நாளே எனக்கு உண்மை தெரியும். சொல்லல.”

ஞானபாய் சீட்டைப் படித்தார்கள். மறுபடி படித்தார்கள். “அன்னைக்கு மேரிப்பாக்கியம் அக்காவ சங்கத்துலயிருந்து விலக்கினது...”

“நான்தான்.”

தரையிலிருந்த நிழல் நகர்ந்தது. பின்வாசலில் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

“எங்ககிட்ட சொன்னா போதாது டீச்சர்,” என்றார்கள். குரலில் முந்தைய மரியாதை இல்லை. “ஜெபிச்ச எடத்துல சொல்லணும். பேரோட சொல்லணும். அந்தப் பிள்ள கால்ல நாங்க விழணும். அது எங்கள வேண்டாம்னு சொன்னா அதுக்கும் நியாயம் உண்டு.”

நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்தேன். எழுந்ததும் கண் இருட்டியது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அந்த அம்மா தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒரு தம்ளர் காப்பி கொண்டுவந்து நீட்டினார்கள். லெந்து, காப்பியை விட்டிருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். யாரிடம் சொல்லப் பார்க்கிறேன் என்று இருந்தது. வாங்கிக் குடித்தேன். சீனி அதிகம். முழுவதையும் குடித்தேன்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

அறிவிப்பு நேரத்தில் குருவானவர் தலையசைத்தார். முன்னால் போய் நின்றேன். எழுதிக்கொண்டு போகவில்லை. நேற்றுச் சொன்னதையே சொன்னேன், சனிக்கிழமை தெரியும் என்பது உட்பட. ஜெமிமாவின் பெயரைச் சொன்னேன். மேரிப்பாக்கியத்தின் பெயரையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

யாரும் அழவில்லை. யாரும் வந்து கட்டிக்கொள்ளவில்லை. மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. திரும்பி நடந்தபோது மூன்றாவது வரிசையில் என் இடத்துக்குப் பக்கத்திலிருந்தவள் பையைத் தன்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

தனசிங் நேற்று கிரேஸ்மணி வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் நின்றானாம். முதல் மணி நேரம் கதவு திறக்கவில்லையாம். இன்று விசேஷ அனுமதியோடு இரண்டாம் ஓலையையும் மூன்றாம் ஓலையையும் சேர்த்து வாசித்தார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று குருவானவர் நிமிர்ந்து பார்த்தபோது சபை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் எழவில்லை. பியூலா சிரிக்கவில்லை. முதல் ஓலையன்று சிரித்த அந்தச் சிரிப்பு திரும்ப வரவில்லை, அதை என்னால் வாங்கிக் கொடுக்க முடியாது.

ஏப்ரல் 1, புதன்

குருவானவர் வந்தார். கமிட்டியில் பேசி முதல் வார்த்தையை வேறு ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார்களாம். “நீங்க வருத்தப்படக் கூடாது.” வருத்தம்தான். சரிங்கய்யா என்றேன். யாருக்கு என்று கேட்டேன். சொன்னார். ஒன்பது பக்கத்தையும் அடுப்பில் போட்டேன். போடவேண்டிய சீட்டைப் போடாமல் வைத்திருந்தவள்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. கடைசிப் பெஞ்சு. முதல் வார்த்தைக்கு மேரிப்பாக்கியம் எழுந்தாள். நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டாள். இரண்டு இடத்தில் தடுமாறினாள், ஒரு வாக்கியம் முடியவே இல்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. நாற்பது நாளில் போகிற குணமா இது?

நடுவில் ஜெமிமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது புளியமரத்தடியில் ஒரு பையன் வெயிலில் நின்றிருந்தான். ஜெமிமாவோடு வந்தவன், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் ஆராதனை முடியும்வரை அங்கேயே நின்றிருக்கிறான். என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினான், பிறகு ஏன் கழற்றினோம் என்று தெரியாமல் முழித்தான்.

“சாப்டீங்களாப்பா?” என்றேன்.

“இல்ல அத்தை. நீங்க விரதம்னு ஜெமிமா சொன்னா. நானும் சாப்பிடல.”

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஆராதனைக்குப் பின் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றுகிற இடத்துக்கு மூன்று பேரும் போனோம். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவள் மேரிப்பாக்கியம். அவனுக்கு ஊற்றினாள், ஜெமிமாவுக்கு ஊற்றினாள். என் முறை வந்ததும் அகப்பை ஒரு நொடி நின்றது. பிறகு ஊற்றினாள். துவையலும் வைத்தாள்.

ஏப்ரல் 4, சனி

ஐந்து மணிக்கு முழங்காலில் நின்றேன். ஜெமிமா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜெபப் பட்டியலை எடுத்தேன், நாற்பத்து மூன்று பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே அவரவர் குறை. என் கையெழுத்து. ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தேன். குறைகளை வாசிக்கவில்லை, பெயரை மட்டும்.

பன்னிரண்டாவது பெயர் வந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. பழக்கம். நிறுத்திக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தில் அவள் என்னிடம் கேட்டது இந்த ஒன்றுதான்.

அந்த இடத்தில் அப்படியே இருந்தேன். அடுத்த பெயருக்குப் போக முடியவில்லை. பட்டியலை மேலும் கீழும் பார்த்தேன். நாற்பத்து மூன்றில் என் பெயர் இல்லை. இருபது வருஷமாக வைத்திருக்கும் பட்டியல், ஒரு நாளும் இல்லை. பெயரைச் சொன்னேன், எஸ்தர் சொர்ணம் என்று. எதிரே சொல்ல ஒரு குறையைத் தேடினேன். ஒன்றல்ல, வரிசையாக வந்து நின்றன. சொல்லத் தொடங்கினேன்.

ஜெமிமா எழுந்து வந்து, “எம்மா, எட்டு மணியாச்சு” என்றாள்.